அத்தான் மாட்டிய என்ஜின்

வெள்ளத்துரை என் மனைவி பேச்சித்தாயின் தம்பி. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாஞ்சி என்கிற விசைப்படகுகளுக்கு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். எழுபத்து நாலில் விளாத்திகுளத்துப் பக்கம் மழை ஏமாற்றிவிட, கரிசல் நிலத்தைப் போட்டுவிட்டு அவன் வீட்டில் வந்து ஒண்டினோம். நாற்பது வயதில் என்னை வேலை பழகச் சேர்த்துக்கொண்டான்.

பட்டறையில் அவன் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. யாராவது ஒரு நட்டை மாற்றிப் போட்டால், "ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்பான். என்னிடம் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். அக்கா புருஷனை ஒரு சொல் சொல்லிவிட்டு அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? "கொஞ்சம் பாத்துக்கிடுங்க அத்தான்" என்பதோடு சரி. அதை நான் என் கைத்திறமைக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நினைப்பு எனக்கு.

ஒரு வருஷம் போனது. லாஞ்சி முதலாளி ரோச் பட்டறைக்கு வந்து, தன் லாஞ்சிக்கு என்ஜின் டிரைவராக என்னைக் கேட்டார். தங்க வீடும் உண்டு என்றார். மச்சினன் வீட்டுச் சோற்றிலிருந்து விடுதலை என்று நெஞ்சு துள்ளியது.

வெள்ளத்துரை தலையைச் சொறிந்தான். "அத்தான் இன்னும் கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும் அண்ணாச்சி."

எனக்கு வந்ததே கோபம். "நான் தலையெடுக்கது உனக்குப் பொறுக்கலையோ?" என்று பட்டறையே கேட்கக் கத்தினேன்.

"சண்டை எதுக்குவே? இந்த என்ஜினுக்கு ஹெட்டை மாட்டி ஓட்டிக் காட்டும்" என்று, பிரித்துக் கிடந்த ஒன்றைக் காட்டினார் ரோச்.

தண்ணீர் கசியாமல் அடைக்கிற புது கேஸ்கட் தகட்டை நானே உறை பிரித்து வைத்தேன். அதன்மேல் மூடியான ஹெட்டை ஏற்றி, ஒரு முனையிலிருந்து வரிசையாக ஒவ்வொரு நட்டையும் முடிந்தமட்டும் இறுக்கினேன். என்ஜினைக் கிளப்பியதும் ஹெட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து ரோச்சின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

வெள்ளத்துரை ஓடி வந்து நிறுத்தினான். "கேஸ்கட் பழசு அண்ணாச்சி. நாந்தான் தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன்."

லேத் மிஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பட்டறை ஆள் பால்துரைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எத்தன நாளைக்கு மூடி மறைப்பிய அண்ணாச்சி? நட்டை எதிரெதிரா, கொஞ்சங்கொஞ்சமால்லா இறுக்கணும்? அவரு சாப்பிடப் போனதும், அவரு மாட்டுன எல்லாத்தையும் நீங்கதான அவுத்து மறுபடி மாட்டுதிய?"

அந்த ஒரு வருஷத்தில் எத்தனை லாஞ்சி கடலுக்குப் போயிருக்கும். ஒன்றில்கூட நான் மாட்டிய என்ஜின் இல்லை. என் தப்பையெல்லாம் திருத்தி மறைத்தவனைத்தான் எல்லார் முன்னாலும் பொறாமைக்காரன் ஆக்கியிருக்கிறேன். உடம்பெல்லாம் கூசிப்போய் நின்றேன்.

"மாப்ள, என்னய ஏலேன்னு கூப்பிடு. திட்டிச் சொல்லிக்குடு" என்றேன்.

அவன் உதடு அசைந்தது. "அத்தான்..." என்றான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.

ரோச் பக்கம் திரும்பினேன். "நான் யாருக்கும் அத்தானா இல்லாத பட்டறை ஒண்ணு பாத்துச் சேத்துவிடுங்க அண்ணாச்சி."

அதைக் கேட்டதும் வெள்ளத்துரை கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு முகமில்லை.