நெஞ்சில் கட்டிய தகடு

மகள் காய்ச்சலில் இறந்த மூன்றாவது வாரம், அவள் படுத்திருந்த மரக்கட்டில் இரும்பை இழுக்கத் தொடங்கியது. முதல் நாள் குண்டூசிகள் போய் ஒட்டிக்கொண்டன, மறுநாள் பூட்டும் கத்தரிக்கோலும். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் தானே உருண்டு வந்து வாசற்கதவில் முட்டி நின்றது. அன்றிலிருந்து அவர் அதை எதிர்ப்பக்க மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கிடக்குமா, கூப்பிடத்தான் செய்யும் என்றார்கள்.

அந்த இழுப்பு தாய்க்குத்தான் ஆகவில்லை. அவள் நெஞ்சுத் தோலுக்கடியில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருந்தது. காந்தம் நெருங்கினால் அது தடுமாறும். கட்டிலருகே போன இரண்டு முறையும் மயங்கி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் பிழைப்பது கஷ்டம், அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளோ சோறு தண்ணீர் இறங்காமல் அறை வாசலிலேயே கிடந்தாள்.

தகப்பன் டிரான்ஸ்பார்மர் பெட்டி செய்யும் பட்டறையில் தகடு வெட்டுகிறவர். கனமாக இருந்தால் மறிக்கும் என்று நம்பி கட்டிலைச் சுற்றி ஈயத் தகட்டை நிறுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. செம்பும் அதே கதைதான். பட்டறை மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். காந்தத்தை எந்தத் தகடும் தடுத்து நிறுத்தாது, மெல்லிரும்பு மட்டும் அதைத் தனக்குள் வாங்கிச் சுற்றி அனுப்பிவிடும் என்று விளக்கினார். அப்படியே கட்டிலைச் சுற்றி இடுக்கில்லாமல் இரும்புப் பெட்டி அடித்தார் தகப்பன். அறைக்குள் வந்த தாயின் கையில் இருந்த குண்டூசி கையிலேயே கிடந்தது. நெஞ்சும் ஒழுங்காகத் துடித்தது. தான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அவ இங்க இல்லங்க. ரெண்டாவது தடவையும் புதைச்சிட்டீங்க.”

மகளை அடக்கம் செய்த அன்று அழாதவர் அப்போது அழுதார்.

பெட்டியைப் பிரித்தார். பேஸ்மேக்கரை மட்டும் மறைத்தால் போதும் என்று அதிலிருந்தே இரண்டு தகடுகளை வெட்டி, அவள் நெஞ்சுக்கும் முதுகுக்கும் அளவாக வளைத்து, துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தகடும் இரும்புதானே என்பது அவசரத்தில் அவர் புத்தியில் ஏறவில்லை. அவள் வாசற்படி தாண்டியதும் தகடு அவளை இழுத்துக்கொண்டு போனது. பதறிப்போய்ப் பிடிக்க ஓடினார்.

“விடுங்க,” என்றாள். “கடைக்குப் போகணும்னு கையப் புடிச்சு இழுப்பாளே, அதே இழுப்பு.”

அதன்பின் தினமும் மத்தியானம் தகட்டைக் கட்டிக்கொண்டு போய்க் கட்டிலோடு ஒட்டி உட்காருவாள். சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து வந்து பிரித்தெடுப்பார். சில நாள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. இப்படிப் பதினோரு வருடம் போயிற்று. ஒரு சாயங்காலம் அவளை இழுத்தபோது எதிர் இழுப்பே இல்லை, லேசாக அவர் மேல் சாய்ந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டிலடியில் குண்டூசிகள் உதிர்ந்து கிடந்தன.

எல்லாம் முடிந்த பிறகு அவர் அந்தத் தகட்டைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு கட்டிலருகே வெகுநேரம் நின்று பார்த்தார். யாரும் இழுக்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் மரத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைப் பழைய இடத்தில் நிறுத்தினார்.