நிற்காத ரம்பம்

கார்லன் டிரிகர்ஸின் முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டும் அலபாமாவில் இருக்கும் அவனுடைய மர அறுவை ஊரைப் பற்றியவைதான். மின்கிதார் அலற, டிரம்ஸ் இடிக்க, லாரி ஓட்டுகிறவனும் சர்ச்சில் தூங்கி வழிகிறவனும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

எல்லாவற்றையும் விட எடுபட்டது ட்யூயியைப் பற்றிய பாட்டு. மில்லில் கார்லனோடு வேலை பார்த்த ட்யூயி, ஓடுகிற ரம்பத்தை நிறுத்தாமலே சிக்கிய கட்டையை இழுக்கப் போய் வலது கையைப் பறிகொடுத்தவன். அந்த ஊரில் ரம்பத்தை நிறுத்துகிறவன் பயந்தாங்கொள்ளி. நிறுத்தினால் மேஸ்திரி சீட்டைக் கிழித்துவிடுவான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பாட்டில் வைத்தால் கெத்தாகவா இருக்கும்? கார்லன் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை மதியம் தீவனக் கடை வாசலில் கச்சேரி. கெளுத்தி மீன் பொரிகிற வாசனை. ட்யூயி வந்ததும் விசில் பறந்தது.

"வாடா சிங்கம்! நேத்து கோர்ட்ல நஷ்டஈட்டுக் கேஸ் என்ன ஆச்சு?" என்றான் கார்லன்.

"உன் பாட்டப் போட்டாங்க."

"கோர்ட்லயா?"

"மில்லு வக்கீல் ஸ்பீக்கரோட வந்துட்டான். 'எவன் சொன்னாலும் நிறுத்த மாட்டான் ட்யூயி'ன்னு இழுப்பியே, அத ரெண்டு தடவ போட்டான். மேஸ்திரிதான் நிறுத்தக் கூடாதுன்னான்னு நான் கத்துறேன். உன் கூட்டாளியே வேற மாதிரி பாடுறானேங்கிறான்."

கார்லன் கிதாரைக் கீழே வைத்தான். "நான் வந்து உண்மையச் சொல்றேன்டா."

"யாருகிட்ட? தீர்ப்பே குடுத்தாச்சு. சல்லிக்காசு கெடையாது. வீடு போயிரும்னு என் பொண்டாட்டி நோரீன் இப்பவே சாமான் கட்டுறா."

"அடப்பாவி, அந்த வரிய நான் எழுதியிருக்கவே கூடாது."

"நீ எங்க எழுதுன? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அப்படிப் போடச் சொல்லி நான்தானே கேட்டு வாங்கினேன்."

"ட்யூயி பாட்டு! ட்யூயி பாட்டு!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. கிதாரை எடுக்கக் கார்லனுக்குக் கை வரவில்லை.

"பாடித் தொலைடா," என்றான் ட்யூயி. "அதுல மட்டுந்தான் நான் இன்னும் நல்லா இருக்கேன்."

கார்லன் பாடினான். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டான். ஊர் அதை விடவில்லை. கையைத் தட்டிக்கொண்டு கூட்டமே பாடி முடித்தது.