அக்கா பேசிக்கொண்டே இருக்க வேண்டும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அக்காதான்.

"என் மண்டையைத் திறக்கப் போறாங்க. உள்ள என்ன இருக்குன்னு டாக்டர் பாத்துக்குவாரு. வெளியில நீங்கல்லாம் என்ன பண்ணீங்கன்னு நீ எழுதி வை. வந்து படிக்கிறேன்."

'வந்து படிக்கிறேன்' என்பதை, கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் வரி: மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சத்தில் அந்த வீடு ஒரு கப்பலைப்போல—

(வேண்டாம். "எந்தக் கப்பல்டா?" என்பாள்.)

இன்னொன்று: அக்காவின் மூளையில், பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டி, ஒரு கட்டி.

சரி, இதுவே இருக்கட்டும்.

2

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் ஊரில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

அறுவை சிகிச்சையின் நடுவே அவளை மயக்கத்திலிருந்து எழுப்புவார்களாம். படங்களைக் காட்டுவார்களாம். அவள் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "நீங்க பேசறதுதான் எனக்கு வழிகாட்டி" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்க தப்பிச்சீங்க. நான் வாயை மூடினதே இல்ல."

வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. பட அட்டைகளைத் தூக்கிக் காட்டுவது அத்தான். பேக்கரி வைத்திருக்கிறார், ரொட்டியைத் தாராளமாகக் கொடுப்பார், பேச்சில் கருமி.

குடை.

"உங்க அத்தான் எப்பவும் தொலைக்கிறது."

கடிகாரம்.

"இந்த வீட்டுல யாரும் பாக்காதது."

அக்காவின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒழுங்கா சொல்லும்மா."

கத்தரிக்கோல்.

"இது... வெட்டறது. அந்த... ரெண்டு கால் வச்சு..."

நாங்கள் சிரித்தோம். அத்தான்கூடச் சிரித்தார். அக்காவின் இரண்டு விரல்கள் மட்டும் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தன. அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது.

(இங்கே ஓர் உவமை வரவேண்டும். சில எழுதிப் பார்த்தேன். எல்லாமே அந்த விரல்களை மறைத்தன.)

3

மகளைச் சிடுமூஞ்சியாக எழுதிவிட்டேனோ? அவள் அப்படியில்லை. பயந்தவள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பதற்கு எங்கள் வீட்டு உதாரணம், ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவளிடம்தான் அக்கா சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு நீதான் ஓட்டற."

காலைகளில் ஏரிக்கரைச் சாலையில் பழகினார்கள். நான் பின்சீட்டில். எங்கும் பனிமூட்டம். கார் வரவரத்தான் சாலை எழுதப்படுவதுபோல முன்னால் முளைத்தது. மரங்கள் பாதியில் அடித்துவிட்ட வாக்கியங்களாக நின்று, கரைந்துபோயின. (அக்கா, இது ஒன்றையாவது விட்டுவை.)

கற்றுக்கொடுக்கும் கார் என்பதால் அக்கா பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒரு காலை, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"அம்மா! காலைக் கீழ வைம்மா!"

"மாட்டேன்."

"இடிச்சுட்டா?"

"எனக்கு ஏற்கெனவே பெட் போட்டாச்சு. உனக்கும் ஒண்ணு சொல்லிக்கலாம்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். கார் மிதந்து போய்க்கொண்டிருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் வராது என்று எனக்குத்—

வந்தது. மகள்தான் ஓட்டினாள். கொஞ்சம் கோணலாக நிறுத்தினாள். அக்கா திட்டவில்லை. அதுதான் எங்களைக் கலக்கிவிட்டது.

4

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். கட்டியை முழுதாக எடுத்தால் ஆயுசு கெட்டி, பேச்சு போகலாம். பேச்சு தடுமாறும் இடத்தில் நிறுத்தினால் மிச்சம் உள்ளே இருக்கும்.

"முழுசா எடுத்துடட்டும்" என்றார் அத்தான். "நீ பேசாட்டியும் பரவால்ல. இருந்தா போதும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பேசாம இருக்கத் தெரியும். எனக்குத் தெரியாதுங்க."

காத்திருக்கும் அறையில் முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: கதவு திறக்கிறது. அக்கா உரத்த குரலில்—

முடிவு ஆ: கதவு திற—

நிஜத்தில் வந்தது டாக்டர். "எனக்கே கிளட்ச் பாடம் நடத்தினாங்க" என்றார். "பேசிட்டே இருந்தவங்க ஒரு இடத்துல திணறினாங்க. அவங்க முன்னாடியே சொல்லியிருந்தபடி அங்கேயே நிறுத்திட்டேன். கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அத்தான் "பேசுவாளா?" என்றுதான் கேட்டார். மிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

5

பேசுகிறாள். சொற்கள் தாமதமாக வருகின்றன; சில நாள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. உள்ளே இருக்கும் மிச்சம் தூங்குமா, விழிக்குமா? டாக்டருக்கே தெரியாது. நான் ஒரு முடிவு எழுதினால் அது பொய்.

ஆகவே முடிவுக்குப் பதிலாக இன்று காலை.

மகள் ஓட்டுகிறாள். அக்கா பக்கத்தில். நான் பின்னால். சாலை பிரிகிறது.

"எந்தப் பக்கம்மா?"

அக்கா வாயைத் திறக்கிறாள். இரண்டில் ஒரு சொல்தான். எனக்கு அது தெரியும். நாக்கு நுனியில் நிற்கிறது. மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாமா, நீ சொல்லாத" என்கிறாள். பின்னால் ஹாரன்கள் கூப்பாடு போடுகின்றன. அவள் காரை நகர்த்தவில்லை.

உங்களுக்கும் நாக்கு துறுதுறுக்கும். எடுத்துக்கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அக்காவின் உதடு குவிகிறது.