தண்ணீர் வண்டிக்கு முன்னால் ஒரு நாய்

கால்நடை மருந்தகத்தின் முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா. அவருக்கு எதிரே தண்ணீர் வண்டிக்காரர். அவருடைய மைத்துனர் மருந்துப் பெட்டியின்மேல். எழுதுகிறவன் என்பதால் ஜன்னலோர நாற்காலியை எனக்கு விட்டிருந்தார்கள். வண்டிக்காரரின் கறுப்பு நாய் வாசலை அடைத்துப் படுத்திருந்தது.

பாலத்துக்கு அப்பால் உள்ள லாயத்தில் வண்டிக் குதிரைகளும், ஊரைவிட்டு ஓடியவர்கள் விட்டுப்போன நாய் பூனைகளும் இருந்தன. கலவரத்தில் குழாய் உடைந்து அங்கே தண்ணீர் இல்லை. கல்லெறியில் கண்ணாடி உடையும் என்று லாரிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். வண்டிக்காரர் சம்மதித்தார். ஊரடங்கில் பாலத்தைக் கடக்க நான் எழுதிய மனுவுக்கு அனுமதியும் வந்தது: ஓர் ஆள், ஒரு குதிரை, ஒரு வண்டி.

இன்று காலை பாலத்துத் தடுப்பில் காவலர் சீட்டைப் படித்துவிட்டு நாயை விரட்டினார். குதிரை நின்றுவிட்டது. கண்ணீர்ப்புகை பட்டதிலிருந்து அதற்குப் பார்வை மங்கல்; நாய் முன்னால் போனால்தான் கால் எடுத்துவைக்கும். நிரப்பிய தொட்டி நிரம்பியபடியே திரும்பி வந்தது.

"நாய் கூட வரும்னு ஏன் சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

"அது எப்பவும் வரும்மா. அதப் போயி சொல்லணுமா?"

"மாமா சொல்லமாட்டாரு. அக்கா கூட வர்றதயே சொல்லமாட்டாரு," என்றார் மைத்துனர்.

"நீ சும்மா இரு மாப்ள."

"சாயங்காலத்துக்குள்ள தண்ணி போகணும். ரெண்டு குதிரை தீனியத் தொடல. குடல் கட்டிக்கிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் டாக்டரம்மா.

நான் புதுத்தாள் எடுத்தேன். "நாய்க்கு என்ன வேலைன்னு எழுத?"

"முன்னால ஓடுறது," என்றார் வண்டிக்காரர்.

"அப்ப தலைவர்னு போடுங்கண்ணே. பின்னால என்ன நடக்குதுன்னு அதுவும் திரும்பிப் பாக்காது," என்றார் மைத்துனர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வழிகாட்டின்னு எழுதுங்க. கறுப்பு, இடது காது கிழிஞ்சதுன்னு அடையாளமும் போடுங்க. இல்லேன்னா அது வேற நாய்ம்பாங்க."

எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். கடை திறக்க ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். அந்தத் தளர்வு முடிவதற்குள் கடிதம் அனுமதி கொடுத்த அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும்.

"நான் வண்டியப் பூட்டி வைக்கிறேன்," என்று வண்டிக்காரர் எழுந்தார். அவருக்கு முன்னால் நாய் வெளியே போனது.

உறையின் வாயில் பசை தடவி அழுத்தி மைத்துனரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.