நீலத்தின் மேல் மஞ்சள்

காலை எட்டே முக்கால். பத்து மணிக்கு வர வேண்டிய பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் வண்டி இந்நேரம் நாமகிரிப்பேட்டையைத் தாண்டியிருக்கும். அங்கமுத்து வாத்தியார் மேற்குச் சுவரில் படத்தை மாட்டினார். கஞ்சி போட்ட துணியில் ஒட்டிய ஒற்றைத் தாள். மூன்றாம் வகுப்பின் பூகோளம் முழுதும் அதற்குள் இருந்தது. கிழக்கே கொல்லிமலை, நடுவில் ஏரி, கிணற்றுக்கு ஒரு வட்டம், சந்தைக்கு ஒரு தராசு. நடக்கையில் எடுத்துவைக்கும் எட்டு நூறானால், படத்தில் ஒரு விரல் அகலம் என்று கணக்கு. பிள்ளைகள் தாங்கள் நடக்கும் வழியை எட்டு எண்ணி வந்து சொன்னார்கள்; அவர் வரைந்தார். பிறகு அதே வழியில் விரலை நடக்கவிட்டு உரக்க எண்ணச் சொன்னார். இரண்டு மாதம், தினம் ஒரு தடவை.

பள்ளிக்கூடத்தின் மேனேஜர் சென்னியப்பன் நாற்காலிகளைப் பார்வையிட வந்தவர், படத்தின் முன்னால் நின்றுவிட்டார். கட்டிடமும் அவருடையது, நிலமும் அவருடையது.

"ஏனுங்க வாத்தியாரே, என்ற கரும்புக்காட்டுல எப்பங்க ஏரி வந்துது?"

அங்கமுத்துவுக்கு உடனே விளங்கவில்லை. அவர் வெளியூர், ஜலகண்டாபுரத்துக்காரர். படம் வரைந்தது கோடையில். தண்ணீர் நடுவில் குட்டையாகக் கிடந்தது. ஏரி எதுவரை என்று ஊரில் யாரையும் கேட்கவில்லை. ஆடு மேய்க்கும் மாரக்காள், கரையிலிருந்து, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியின் ஓரத்தில் நட்ட ஏரி எல்லைக்கல் வரை அறுநூறு எட்டு என்று எண்ணி வந்து சொன்னாள். கல்லிலிருந்து கல்லுக்குக் கோடு இழுத்து, உள்ளே நீலம் தீட்டிவிட்டார். கல்லுக்கு உள்ளே, ஏரிப்பக்கம் கரும்பு நிற்பதைப் பார்த்திருந்தார். யோசிக்கவில்லை.

"கல்லை வெச்சுப் போட்டதுங்க. பசங்க அளந்தாங்க."

"பசங்க அளந்தாங்களா. ஆட்டையும் ஒருக்கா அளக்கச் சொல்றதுதானே?" அவர் சிரிக்கவில்லை. "இது நல்லாருந்தா இன்ஸ்பெக்டரு சேலத்துக் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போவாராமே?"

"ஆமாங்க."

"தொறந்து வெக்கறது ஆருங்க?"

"தாசில்தாருங்க."

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். அங்கமுத்துவின் வேலையை உறுதி செய்யும் காகிதம். மூன்று மாதமாக அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்களில் இது கிடைக்காமல்தான் அங்கமுத்து பெட்டியைத் தூக்கினார். இந்தத் தடவை கையெழுத்து விழுந்ததும் மனைவி ஆத்தாயியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி வந்திருந்தார்.

"இன்னைக்கு அவருகிட்டயே குடுத்துரலாம்னு கொண்டாந்தேன். பச்சையாக்குங்க."

"பச்சை தீந்துபோச்சுங்க."

"நீலத்துக்கு மேல மஞ்சத் தண்ணிய இழுத்தா என்னாகும்? எனக்கே தெரியுது. எங்க ஊட்டுல இல்லாத மஞ்சளா?"

ஆள் ஓடிப்போய்க் கிண்ணத்தோடு வந்தான். அங்கமுத்து நான்கு முறை தூரிகையை இழுத்ததும் இருநூறு எட்டு நீள ஏரி கரும்பானது. கல்லுக்குப் போட்டிருந்த கறுப்புப் புள்ளிகளை ஈரத் துணியால் துடைத்தார். சென்னியப்பன் கையெழுத்திட்டு, மை காய ஊதினார்.

இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி படத்தைப் பார்த்ததும் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கிட்டப் போனார். "ஒரே தாளில் இவ்வளவா! ஒரு பிள்ளை வந்து ஏரியைக் காட்டட்டும்."

"அர்த்தநாரி, வாடா சாமி," என்றார் அங்கமுத்து அவசரமாக. அர்த்தநாரி எண்ணி வந்தது சந்தைப் பாதையை, ஏரியை அல்ல.

"அவன் வேண்டாம். கை தூக்கியிருக்கிறதே, அந்தப் பெண்."

மாரக்காள் எழுந்து வந்தாள். எட்டு வயது. அவள் அப்பன் கந்தன் இப்போது அந்தக் கரும்பில்தான் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார். அவள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கரையில் விரலை வைத்தாள்.

"நூறு. எரநூறு."

நானூறோடு நின்றுவிடு என்று அங்கமுத்து மனதுக்குள் சொன்னார். போதும் என்பதுபோல் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சரியாகச் சொல்வதாகப் பாராட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குரல் உயர்ந்தது.

"முந்நூறு. நானூறு. ஐநூறு."

"பாப்பா," என்றார் தண்டாயுதபாணி, "நீலம் முடிந்துவிட்டதே. பச்சைக்குள் ஏன் போகிறாய்?"

"நான் போவலீங்க. ஏரிதாங்க போவுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். சென்னியப்பன் காலைக் கீழே இறக்கினார். விரல் அறுநூறுக்கு வந்து அங்கே தடவியது, இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவியது. விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியெல்லாம் மஞ்சள். அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இங்கதானுங்களே கல்லு வெச்சிருந்தீங்க. ஆருங்க எடுத்தது?"