புதன்கிழமைப் போத்தல்

கரண்ட் பில்லைத் தேடித்தான் மகேஸ்வரன் அலுமாரியைத் திறந்தான். மனைவி கிருஷாந்தினியின் சேலைகளுக்கு அடியில் அகப்பட்டதோ ஒரு கொப்பி. அவளுடைய கையெழுத்து. அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் விசயமாக்கும் என்று மூடப் போனவன், மாடசாமி என்ற பெயரைக் கண்டு நின்றுவிட்டான்.

‘மார்ச் 6. மாடசாமி கொண்டுவந்து தந்தார். தொட்டதுமே சிலிர்த்துவிட்டது. கடைசிவரை உயிர் இருந்தது.’

‘ஏப்ரல் 3. இனிப்பு கூடிப்போய் ஏமாற்றம். சீக்கிரம் அடங்கிவிட்டது.’

‘மே 8. இத்தனை வருசம் இதை அறியாமல் எப்படி இருந்தேன்.’

மூன்றுமே புதன்கிழமைகள். ரிவர்ஸ்டன் பாதையிலுள்ள ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபத்து மேற்பார்வையாளராக இருக்கும் கிருஷாந்தினிக்குப் புதன்தான் லீவு நாள். மாடசாமி அந்த ஹோட்டல் வேன் டிரைவர். பெண்டாட்டியை இழந்தவன், நன்றாகச் சிரித்துப் பேசுகிறவன். மகேஸ்வரனோ றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர். புதனென்றால் அவனுக்குப் பொழுதெல்லாம் பெக்டரியில்தான். மகளும் கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கொப்பியை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தான். மறுநாள் காலை பெக்டரியில் தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்த்தபோது அவன் நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. புதன் சாயங்காலங்களில் அவள் பல் துலக்கிவிட்டு நிற்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு நொடி தாமதிப்பாள். ஒருநாள் சாப்பிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டான்.

“மாடசாமி எப்படி இருக்காரு?”

“எந்த மாடசாமி?” என்றாள்.

அவர்கள் இருவருக்கும் தெரிந்த மாடசாமி ஒருவன்தான். மகேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஜூன் மாத முதல் புதன், தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே பெக்டரியை விட்டு இறங்கினான். பாதையால் வராமல் தேயிலைக்குள்ளால் வந்து, வீட்டுக்கு அருகே சவுக்கு மரமொன்றின் பின்னால் நின்றான். சந்தேகப்பட்டதுபோலவே வளைவில் ஹோட்டல் வேன் வந்து நின்றது. கிருஷாந்தினி வீட்டிலிருந்து இறங்கி வேனுக்குப் போனாள். மாடசாமி பேப்பரில் சுற்றிய எதையோ நீட்டி என்னமோ சொன்னான். அவள் சிரித்தாள். வேன் போய்விட்டது.

மாடசாமி திரும்பி வருவான் என்று மகேஸ்வரன் காத்திருந்தான். பனி இறங்கி மரங்கள் மறைந்தன. வேன் வரவில்லை. கால் மணி நேரம் பொறுத்துவிட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

குசினி மேசையில் கிருஷாந்தினி தனியாக இருந்தாள். முன்னால் கையடக்கமான ஒரு பச்சைப் போத்தல், ஒடுக்கமான உயரக் கிளாஸ் ஒன்று, அந்தக் கொப்பி. கிளாஸுக்குள் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

“என்னது இது?”

“வைன். ஸ்பார்க்ளிங் வைன்.”

“நீ குடிக்கிறியா?”

“ஆமாங்க.”

ஒரு மாதமாக மனதுக்குள் கூட்டிவைத்த பேச்சில் ஒரு சொல்கூட இதற்குப் பொருந்தவில்லை. ஒரு மூச்சு நேரம் நிம்மதியாக இருந்தது. அடுத்த மூச்சில் அதைவிட மோசமான ஒன்று வந்து குந்திக்கொண்டது. அவன் அப்பா பழனிமுத்து கசிப்புச் சாராயம் குடித்தே செத்தவர். சம்பள நாளில் சட்டி பானைகள் முற்றத்தில் கிடக்கும். கடைசியில் கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்குள் குடி வராது என்று மாத்தளை முத்துமாரியம்மன் முன்னால் சத்தியம் பண்ணியவன் மகேஸ்வரன். பெண் பார்க்கப் போன அன்றே அதைக் கிருஷாந்தினியிடமும் சொல்லியிருந்தான்.

“எத்தனை நாளா நடக்குது?”

“ரெண்டு வருசம்.” அவள் எழும்பவில்லை. “புதுசா கட்டுன ஜோடி ஒன்னு ஹோட்டலுக்கு வந்துச்சு. காலைச் சாப்பாட்டுல இந்த மாதிரிப் போத்தல் ஒன்ன ஒடைச்சாங்க. பாதியில சண்டை போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மேசைய ஒதுக்கைக்குள்ள ஒரு வாய் வச்சுப் பாத்தேன். புளிச்சிருச்சுன்னு நெனச்சேன். பொறகு நாள் முழுக்க அந்த ருசி வாயிலயே நின்னுச்சு. என்னன்னு கண்டுபிடிக்கணும் போல இருந்துச்சு. லேபல்கள வாசிச்சேன், வெள்ளைக்காரங்ககிட்ட கேட்டேன். ஒவ்வொன்னும் வேற மாதிரிங்க. உங்களுக்கு ஒவ்வொரு தேயிலையும் வேறயா இருக்கே, அது மாதிரி.”

“அதுவும் இதுவும் ஒன்னா?” என்றான். “மாடசாமிக்கு இதுல என்ன வேலை?”

“கண்டியில வைன் ஸ்டோருக்கு நானே போனேன். பொம்பளைக்கு விக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. யாராச்சும் ஆம்பளை வாங்கித் தரணும். உங்ககிட்ட கேக்க முடியுமா?”

“எந்த மாடசாமின்னு கேட்டியே.”

“பயந்துட்டேன்.”

அவள் சொன்னது உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் அப்பாவும் குடித்துவிட்டு வந்து உண்மை போலத்தான் பேசுவார்.

“கொண்டுபோய் ஊத்து.”

“ஊத்தச் சொன்னா ஊத்துறேன். அடுத்த மாசமும் வாங்குவேன். இனிமே மறைக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

மகேஸ்வரன் கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தான். “அப்ப என் முன்னால குடி. நான் பாக்கணும்.”

அவள் குடித்தாள். குருவி தண்ணீர் குடிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் உயரும், கை நடுங்கும், உள்ளே இருக்கிற வேறொருத்தி வெளியே வருவாள் என்று பார்த்தான். அவள் கொப்பியில் ஒரு வரி எழுதினாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். அரிசி களையத் தொடங்கினாள்.

அந்த மாதம் முழுக்க அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் மூச்சை மோந்து பார்த்தான். அவளுக்கும் அது தெரியும்.

ஜூலையில் அவனே கண்டிக்கு பஸ் ஏறினான். மாடசாமி தன் வாசலுக்கு வரக்கூடாது என்பது ஒரு காரணம். எத்தனை போத்தல் வருகிறது என்பது தன் கையில் இருக்கட்டும் என்பது இன்னொன்று. பிறந்ததிலிருந்து மிதிக்காத வைன் ஸ்டோர். தலையைக் குனிந்துகொண்டு நின்று, இனிப்பில்லாதது வேண்டும் என்று கேட்டான். சின்னது முடிந்துவிட்டது, பெரிய போத்தல்தான் இருக்கிறது என்றார்கள். மரக்கறிப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் என்ன என்று கேட்டதற்கு நல்லெண்ணெய் என்றான். ஒரு காலமும் குடிக்காதவன் குடிகாரன் சொல்லும் பொய்யைச் சொல்கிறேனே என்று வழியெல்லாம் எரிந்தது.

கிருஷாந்தினி துவாயால் போத்தலின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருகினாள். வெடிக்கவில்லை, பெருமூச்சு விட்டதுபோல் திறந்தது. ஊற்றிய கிளாஸை அவன் பக்கம் தள்ளினாள்.

“குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க.”

முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தவன், தொழில் பழக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனான்.

“பேக்கரிப் போறணையில இருந்து எடுத்த பாண் வாசம்,” என்றான்.

அவள் பேனாவை எடுத்தாள். “இன்னும்?”

மறுபடி மோந்தான். “அப்பிள் தோல். பொறகு... நனைஞ்ச கல்லு மாதிரி.”

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். கொடியில் காயும் துணிகளை எடுக்க வெளியே போனபோது, மகேஸ்வரன் போத்தலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வைன் நிற்கும் மட்டத்தில் லேபலை நகத்தால் கீறினான். நிமிர்ந்தபோது துணிகளோடு அவள் வாசலில் நின்றாள்.

“குறைஞ்சா தெரியட்டும்,” என்றான்.

“தெரியட்டும்,” என்றாள். போத்தலை இறுக்கி மூடி பிரிஜ்ஜுக்குள் வைத்தாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் அவன் பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தான். வைன் கீறலிலேயே நின்றது. மறுநாள் காலையிலும் திறந்து பார்த்தான்.