பிந்தி வந்த இரண்டாவது அலை

எரிமலை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் நிலநடுக்கக் கருவியைப் பதித்தவர் என் கணவர். அதன் பதிவுகளோடு மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். அந்த இடத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் பாறை உருகிக் கிடக்கிறது என்பது என் கட்சி. நிலநடுக்கத்தின் முதல் அலை எதையும் கடந்து வரும். பக்கவாட்டில் அசைத்தபடி வரும் இரண்டாவது அலையோ பாறை உருகிய இடத்தில் திணறும். அந்த ஒரு கருவியில் மட்டும் அது ஒன்றரை நொடி பிந்தி, நோஞ்சானாக வந்தது.

என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் நம்பவில்லை. "உருகலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க இரும்புத் தண்ணித்தொட்டி இருக்கு. அதுக்குப் பக்கத்துல திசைகாட்டிய வெச்சுப் பாத்திருப்பாரு உங்க வீட்டுக்காரரு. கருவியோட வடக்கு அம்பு கோணல், அதான் பக்கவாட்டு அசைவு தப்பாப் பதிவாகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிங்க, இல்லன்னா அந்தப் பதிவ ஆய்வேட்டுலேருந்து தூக்கிடுங்க."

தூக்கினால் மிச்சம் ஆய்வேட்டின் தலைப்பு மட்டும்தான். வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். "ஒரு அம்ப ஒழுங்கா வெக்கத் தெரியாதா உங்களுக்கு?" அவர் பாட்டுக்கு அலமாரியில் நூல்கண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை இன்னொரு கருவியோடு இருவரும் போனோம். இரும்பே இல்லாத மைதானத்தில் நானே வடக்கு பார்த்து, அங்கிருந்து நூல் பிடித்துப் படியிறங்கி, நிலவறைத் தரையில் கோடு போட்டேன். அவருடைய பழைய அம்புக்கும் என் கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசமும் இல்லை.

"நானும் நூல்தான் புடிச்சேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மூச்சு விட்டாத்தானே!"

இரண்டாவது கருவியையும் வைத்துவிட்டு நிலநடுக்கத்துக்குக் காத்திருந்தோம். வெள்ளி மதியம், கடல்தளப் பாறை எரிமலைக்குக் கீழே செருகிக்கொண்டு இறங்கும் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அது வந்தது. எங்கள் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மடிக்கணினித் திரையில் இரண்டு கருவிகளின் கோடுகளிலும் முதல் அலை ஒன்றாகக் குதித்தது. இரண்டாவது வரவேண்டிய நொடி வந்தது, போனது. அதன்பிறகுதான் இரண்டிலும் ஒரே மாதிரி, சோர்ந்துபோய் எழுந்தது.

எனக்குப் புல்லரித்தது. எந்தக் காலத்துக் கடல்நீரோ பாறைக்குள் புகுந்து அவ்வளவு ஆழம் போய்க் கசிந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். நெருப்பை அணைக்கிற தண்ணீர் அங்கே பாறையையே உருக்கியிருக்கிறது. மேலே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

திரையைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்ததும் பேராசிரியர் போன் செய்தார். "பதிவு இருக்கட்டும்மா. போன அவர்கிட்ட குடுங்க."

"பரவால்ல சார், பரவால்ல," என்றார் கணவர். மன்னிப்புக் கேட்பதில்கூடப் பேராசிரியர் என்னை முந்திக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

"என்னையும் மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் திரையிலேயே இருந்தது.

"அதெல்லாம் அப்புறம். அந்த ரெண்டாவது அலைய இன்னொரு தடவ போடு. எங்கெல்லாம் பூந்து வந்திருக்கு, பாவம்."